அந்த 3 பிக்சல் யாருக்காக?

எங்கள் புரொஜெக்டில் ‘ஓவர்ரைட்ஸ்’ என்று ஒரு சிஎஸ்எஸ் கோப்பு இருந்தது. இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழிதான் சிஎஸ்எஸ். வேறு யாரோ எழுதிக்கொடுத்த பொத்தான், பெட்டி, நாட்காட்டி எல்லாவற்றின் தோற்றத்தையும் நமக்கு ஏற்றபடி மாற்றும் விதிகள் அதற்குள்தான் சேர்ந்திருந்தன. 1,400 வரிக்கு மேல். அதன் நடுவில் ஓரிடத்தில், படிவப் பெட்டியின் தலைப்புக்குக் கீழே 3 பிக்சல் இடம் விடச் சொல்லி ஒரு வரி. ஏன் என்று பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் தேடினால் “சின்னத் திருத்தம்” என்று மட்டும் இருந்தது.

2023ஆம் ஆண்டின் தொடக்கம் அது. கொழும்பில் தினமும் கரண்ட் போய் வந்துகொண்டிருந்தது. பகல் வெட்டு முடிந்து வெளிச்சம் வந்ததும் மடிக்கணினியைத் திறந்து, பொத்தான், பெட்டி போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் கூகுளின் நூலகமான அங்குலர் மெட்டீரியலின் 14ஆம் பதிப்பிலிருந்து 15ஆம் பதிப்புக்கு மாறும் வேலையைத் தொடருவேன். அந்த 3 பிக்சலுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தேன், திரையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. திரும்பப் போட்டேன், அப்போதும் தெரியவில்லை. அப்படியானால் எடுத்துவிடலாமா?

அந்த வரியை எழுதியவன் எங்கள் அலுவலகத்தில் இல்லை. 2022இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்தவர்களில் எத்தனையோ பேர் வெளிநாட்டுக்குப் போனார்கள். அவனும் போய்விட்டான். இப்போது மெல்பனில் இருக்கிறான். திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும், இருந்தாலும் பதில் வந்தது: “மச்சான், அது சிங்களத்துக்கு. கையை வைக்காதே.”

சிங்களத்துக்கு மாற்றிப் பார்த்தேன். எழுத்தின் அடியில் வளைந்து வரும் ‘பாபில்ல’ என்ற உகரக் குறி, அந்த 3 பிக்சலை எடுத்ததும் பாதியில் வெட்டுப்பட்டது. இவ்வளவு நேரமும் நான் ஆங்கிலத் திரையை வைத்துக்கொண்டே சோதித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் பார்க்கும் விதமே வேறாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். பிறர் செய்த கொம்போனன்ட்களுக்கு, அதாவது இப்படிப்பட்ட ஆயத்தப் பாகங்களுக்கு, நாம் போடும் அலங்காரத்தை ஒவ்வொரு பதிப்பு மாற்றத்திலும் எப்படிக் காப்பாற்றுவது என்று என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு, முதலில் இந்த 3 பிக்சல் கதையைத்தான் சொல்கிறேன்.

என் முதல் வேலை தெஹிவளைப் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில். அப்போது பூட்ஸ்ட்ராப் 3 என்ற இன்னொரு நூலகம் எல்லா இடத்திலும் இருந்தது. 2013இல் வந்த பதிப்பு. அங்கே எனக்கு முன்பு இருந்தவர்கள் பூட்ஸ்ட்ராப்பின் கோப்பையே திறந்து உள்ளே மாற்றியிருந்தார்கள். நீலத்தைப் பச்சையாக்கி, மூலைகளின் வளைவைக் குறைத்து, பட்டியலின் வரி உயரத்தைக் கூட்டி, எல்லாம் மூலக் கோப்பிலேயே. நன்றாகத்தான் இருந்தது, ஒருநாள் ஒருவர் அதே 3ஆம் வரிசையில் வந்த சிறு திருத்தப் பதிப்பை இறக்கிப் பழைய கோப்பின் மேல் வைக்கும் வரை. மூன்று வருட வேலை ஒரு நிமிடத்தில் போனது. பழைய கோப்பு சேர்வரில் இருந்ததால் மீட்டோம். ஆனால் எது பூட்ஸ்ட்ராப்புடையது, எது எங்களுடையது என்று பிரித்தெடுக்க இரண்டு கிழமை ஆனது.

பிறகு 2018 ஜனவரியில் பூட்ஸ்ட்ராப் 4 வந்தது. அதில் ‘பெனல்’ என்ற பெட்டியே இல்லை. ‘வெல்’ இல்லை, ‘தம்நெயில்’ இல்லை, எல்லாவற்றுக்கும் பதிலாகக் ‘கார்ட்’ என்று ஒன்று. கடைசியில் சிஎஸ்எஸ்ஸாக மாறும் லெஸ் மொழியில் எழுதியிருந்ததை, அதே வகையான சாஸ் மொழிக்கு மாற்றியிருந்தார்கள். எங்கள் மாறிகளின் கோப்பு அப்படியே பயனற்றுப் போனது. இந்த முறை நாங்கள் மூலக் கோப்பில் கை வைத்திருக்கவில்லை, எங்கள் விதிகள் எல்லாம் தனிக் கோப்பில் ஒழுங்காக இருந்தன. இருந்தும் பாதி செத்துப்போயின. தனிக் கோப்பில் வைத்தால் நம் எழுத்து தொலையாது. ஆனால் அந்த எழுத்து யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ அது போய்விட்டால், கோப்பு இருந்தும் என்ன செய்வது?

இங்கே வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. பதிப்பு எண்ணுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் எண் மாறினால் பழையது உடையலாம், நடு எண் மாறினால் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது, கடைசி எண் மாறினால் பிழை திருத்தியிருக்கிறார்கள். நூலகங்களை இறக்கித் தரும் என்பிஎம்மில் பதிப்பு எண்ணுக்கு முன் வழக்கமாகப் போடும் அந்தக் கூரைக்குறி (^), நடு எண் மாற்றத்தைக் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும். ஆனால் இந்த ஒழுங்கு அவர்கள் வெளியில் அறிவித்த வாசல்களுக்கு மட்டும்தான். கொம்போனன்ட்டின் உள்ளே எத்தனை பெட்டி அடுக்கியிருக்கிறார்கள், அவற்றுக்கு என்ன கிளாஸ் பெயர் (சிஎஸ்எஸ் விதி அடையாளம் காணும் பெயர்) வைத்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் அந்த வாக்குறுதிக்குள் வராது. உள்ளே ஒரு பெட்டியைக் கூட்டினாலும் அது அவர்கள் கணக்கில் சின்ன மாற்றமே. நம் விதியோ அந்தப் பெட்டியின் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அவர்கள் மேல் இதில் எனக்குக் கோபமில்லை. உள்ளறையை மாற்றும் உரிமை அவர்களுக்கு இருக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் உள்ளறைக்குள் ஏன் போனோம்? நியாயமான கேள்வி.

எங்கள் வாடிக்கையாளர் மூன்று மொழியில் படிவம் கேட்டார். இலங்கையில் 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஆங்கிலம் இணைப்பு மொழி. பொதுமக்கள் கையில் போகும் படிவம் மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது இங்கே வேலைக்கு வந்த முதல் நாளே பழகிப்போகும் ஒன்று. ஆனால் நாங்கள் பயன்படுத்தும் நூலகங்கள் இலத்தீன் எழுத்தைக் கண்முன் வைத்து அளவெடுக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் முடிவது தமிழில் “தேசிய அடையாள அட்டை இலக்கம்”. பொத்தானில் ஆங்கிலத்தில் ஆறு எழுத்தாக இருப்பது “சமர்ப்பிக்கவும்” ஆகிறது. பிழைச் செய்தி இன்னும் நீளம்: “தேசிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கங்களாக, அல்லது 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருத்தல் வேண்டும்.” 2016இலிருந்து புது அட்டைக்கு 12 இலக்கம், பழைய அட்டைக்கு 9 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். இரண்டும் செல்லும். அதைச் சொல்லாமல் விட முடியாது, சுருக்கவும் முடியாது.

பழைய அங்குலர் மெட்டீரியலில் பிழைச் செய்திக்குப் பெட்டியின் கீழே ஒரு வரிக்கான இடம்தான். அந்த இடம் பக்கத்தின் ஓட்டத்திலிருந்து பிரித்து ஒட்டவைக்கப்பட்டது. செய்தி இரண்டு வரியானால் கீழேயுள்ள பெட்டியைத் தள்ளாது, அதன் தலையில் ஏறி உட்காரும். ஆங்கிலத்தில் யாருக்கும் இது தெரியவே தெரியாது. தமிழில் படிவம் நிரப்பும் ஒருவருக்குச் சிவப்பெழுத்தும் அடுத்த கேள்வியும் ஒன்றன்மேல் ஒன்றாக வாசிக்க முடியாமல் கிடக்கும். அதனால் உள்ளே போய், அந்தச் செய்திப் பெட்டியை ஓட்டத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்தோம்.

வரி உயரமும் அப்படித்தான். பழைய பதிப்பில் படிவப் பெட்டிக்குள் வரியின் உயரம் எழுத்தளவைப் போல 1.125 மடங்கு. ஆங்கில எழுத்துக்குத் தாராளம். சிங்களத்தில் மேலே ‘இஸ்பில்ல’, கீழே ‘பாபில்ல’ என்று இரு பக்கமும் குறி வரும். தமிழில் சு, பு, யு போன்றவற்றின் வால் கீழே இறங்கும். வெட்டுப்பட்டால் சு ஏறத்தாழ ச போலத் தெரியும். சுமதி என்று தட்டிய பெண்ணுக்குத் திரையில் சமதி என்று தெரிந்தால், தான் பிழையாகத் தட்டிவிட்டதாக நினைத்துத் திரும்பத் திரும்ப அழித்து எழுதுவாள். இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கவுண்டரில் கணினியை வைத்து மக்களை நிரப்பச் சொல்லிப் பார்த்த அன்று, ஓர் அம்மா தன் பெயரை மூன்று முறை அழித்து எழுதியதைப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் மெதுவாகத் திரும்பி “தம்பி, எனக்குத்தான் கண் தெரியுதில்லையோ?” என்று கேட்டார். அவர் கண்ணில் ஒன்றுமில்லை.

ஆகவே உள்ளறைக்குள் போக எங்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் நான் வெட்கப்பட வேண்டியது வேறொன்று. அந்த 1,400 வரியில் இப்படிப்பட்ட காரணம் உள்ளவை ஒரு பங்குதான். மற்றவை ஆசைகள். பெட்டியின் அடிக்கோடு கொஞ்சம் மெல்லியதாக வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னது. நாட்காட்டியின் இன்றைய திகதி வட்டமாக இல்லாமல் சதுரமாக வேண்டும் என்று டிசைனர் வரைந்தது. எல்லாம் ஒரே கோப்பில், ஒரே மாதிரி எழுத்தில் இருந்தன. சுமதியின் பெயரைக் காப்பாற்றும் விதியும் சதுர வட்டமும் பார்வைக்கு ஒன்றுதான். எதை விட்டுக்கொடுக்கலாம், எதற்காகச் சண்டை பிடிக்க வேண்டும் என்று கோப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

2022 நவம்பரில் வந்த 15ஆம் பதிப்பு சாதாரண மாற்றம் இல்லை. கூகுளின் வேறொரு கொம்போனன்ட் தொகுப்பை அடித்தளமாக வைத்து, பொத்தானிலிருந்து படிவப் பெட்டி வரை பலவற்றின் உள் அமைப்பையும் கிளாஸ் பெயர்களையும் மாற்றிவிட்டார்கள். அடிக்கோடு மட்டும் உள்ள பழைய பெட்டித் தோற்றம் போய், நிரப்பிய பெட்டி, கோடு சூழ்ந்த பெட்டி என்று இரண்டுதான் மிஞ்சின. ஒரேயடியாக மாறத் தேவையில்லை என்று பழையவற்றையும் ‘லெகசி’ என்ற பெயரில் கூடவே தந்தார்கள். தானாக மேம்படுத்தும் கட்டளையும் நம்மை முதலில் அதற்குத்தான் மாற்றும். ஆனால் 17ஆம் பதிப்பில், 2023 நவம்பரில், லெகசி நீக்கப்பட்டது. ஒரு வருட அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான்.

புதியதற்கு மாற ஒரு கருவியும் கொடுத்திருந்தார்கள். அதை ஓடவிட்டபோது நம் சிஎஸ்எஸ் கோப்புக்குள் அது தானே குறிப்பெழுதிப் போனது. இந்த விதி பொத்தானின் உள் கிளாஸைக் குறிவைக்கிறது, புதிய பதிப்பில் பொருந்தாமல் போகலாம் என்று. எங்கள் கோப்பு முழுக்க அந்தக் குறிப்பு. பக்கம் பக்கமாக இறங்கிப்போய்ப் பார்த்தேன். கோடு சிவந்த பரீட்சைத் தாள் மாதிரி இருந்தது. அப்போதுதான் 3 பிக்சலுக்கு வந்தேன், வாட்ஸ்அப்பில் கேட்டேன், மேலே சொன்ன பதில் வந்தது.

அதன்பின் ஒரு முடிவெடுத்தேன். கோப்பைப் புதிய கிளாஸ் பெயர்களுக்கு மொழிபெயர்க்கும் வேலையை நிறுத்தினேன். கோப்பை முழுவதும் கழற்றி வைத்துவிட்டு, 15ஆம் பதிப்பை அது இருக்கிறபடியே ஓடவிட்டேன். மூன்று மொழியிலும் ஒவ்வொரு திரையாகத் திறந்து பார்த்தேன். எது கண்ணை உறுத்துகிறதோ அதைத் தாளில் எழுதினேன். எழுதும்போது எந்த விதி வேண்டும் என்று எழுதவில்லை. யாருக்கு, எந்த மொழியில், என்ன கஷ்டம் என்று மட்டும் எழுதினேன். “தமிழில் பிழைச் செய்தி இரண்டு வரியானால் அடுத்த பெட்டியை மறைக்கிறது” என்பது போல.

இதில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல், அதே பிழைச் செய்தி விஷயம்தான். புதிய படிவப் பெட்டியில் கீழேயுள்ள செய்தியின் இடம் நிலையாக இருக்க வேண்டுமா, செய்தியின் நீளத்துக்கேற்ப வளர வேண்டுமா என்று தெரிவு செய்ய முறைப்படி ஒரு வசதியே கொடுத்திருந்தார்கள். எங்கள் பழைய கோப்பில் அதற்காக நாற்பது வரி இருந்தது. இப்போது ஒரேயொரு சொல். பழைய விதியை அப்படியே புதிய கிளாஸ் பெயருக்கு மாற்றி எழுதியிருந்தால் இந்த வசதி இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனதால்தான் வாசல் கண்ணில் பட்டது.

எல்லாம் அப்படி இனிதாக முடியவில்லை. பழைய பொத்தானில் வரி உயரம் 36 பிக்சல், சொற்கள் மடியாது. மடியவிட்டு, வரி உயரத்தைக் குறைத்து, நீளமான தமிழ்ப் பெயரை இரண்டு வரியில் அடக்கியிருந்தோம். புதியதில் பொத்தானின் உயரமே 36 பிக்சல் என்று கட்டியிருந்தார்கள். இரண்டாவது வரி பொத்தானுக்கு வெளியே வழிந்தது. உயரத்தைத் தளர்த்தி, குறைந்தபட்ச உயரம் என்று மாற்ற வேண்டியிருந்தது. எழுத்துகளுக்கு இடையே சற்று இடைவெளி விடும் வழக்கமும் வந்திருந்தது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் சொல் கலைந்து, எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதாகிவிடும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் அதைச் சுழியமாக்கினோம்.

ஆசைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் போனேன். அடிக்கோட்டுக்காக ஒவ்வொரு வருடமும் இவ்வளவு நாள் போகிறது, சதுர திகதிக்கு இவ்வளவு நாள் என்று கணக்குக் காட்டிக் கதைத்தேன். பெரும்பாலானவற்றை அவர்கள் ஒரு வார்த்தையில் விட்டுவிட்டார்கள். இதை முன்பே கேட்டிருக்கலாம். கேட்டதைச் செய்து கொடுப்பதுதான் மரியாதை என்று பல வருடம் நினைத்திருந்தேன். செய்து கொடுத்ததற்குப் பின்னால் வருடா வருடம் என்ன செலவு என்று சொல்லிக் கொடுப்பதும் மரியாதைதான்.

இப்போது நாங்கள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் திரைகளில் யாரும் நூலகத்தின் பொத்தானை நேரடியாக வைப்பதில்லை. எங்களுடையதென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதன் உள்ளேதான் மெட்டீரியலின் பொத்தான். மாற்றம் எல்லாம் அந்த ஓரிடத்தில். என் அம்மா வெள்ளவத்தையில் சாரி பிளவுஸ் தைப்பவர். துணியை உடம்பளவுக்கு வெட்டவே மாட்டார். உள்ளே துணி விட்டுப் பிடித்துத் தைப்பார். இரண்டு வருடம் கழித்துக் கொண்டுவந்தாலும் தையலைப் பிரித்து இளக்கிக் கொடுப்பார். எங்கள் பொத்தானுக்கும் மெட்டீரியலின் பொத்தானுக்கும் இடையே விட்டிருப்பது அந்த உள்துணிதான். எல்லாவற்றுக்கும் இப்படி உறை போட வேண்டியதில்லை. அடிக்கடி வருகிற ஏழெட்டுக்குப் போட்டால் போதும். நூலகத்தின் எல்லா வசதியையும் உறை வழியாகத் திரும்பத் திறந்துவிட நினைத்தால், உறையே இன்னொரு நூலகமாகி அதையும் பராமரிக்க வேண்டி வரும்.

உள் கிளாஸைத் தொடும் முன், முறைப்படியான வாசல் இருக்கிறதா என்று தேடுவோம். நிறம், உயரம், வளைவு போன்றவற்றைச் சிஎஸ்எஸ் மாறிகளாக வெளியே வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. பூட்ஸ்ட்ராப் 5இல் உண்டு. ஆன்ட் டிசைன் என்ற நூலகம் 2022இல் 5ஆம் பதிப்பில் லெஸ்ஸைக் கைவிட்டு, நிறம், அளவு போன்றவற்றுக்குப் பெயரிட்டு வைக்கும் ‘டோக்கன்’ முறைக்குப் போனது. அங்குலர் மெட்டீரியலின் 19ஆம் பதிப்பில் ஒவ்வொரு கொம்போனன்ட்டுக்கும் ஓவர்ரைட்ஸ் என்ற சாஸ் மிக்ஸின் (கூப்பிட்டால் விதிகளை எழுதித் தரும் துண்டு) தந்தார்கள். இங்கே ஓர் அனுபவம். எங்கள் அணியில் சிலர், மிக்ஸின் எதற்கு, அது கடைசியில் எழுதுவது ஒரு மாறியைத்தானே என்று, அந்த மாறியின் பெயரையே நேரடியாக எழுதினார்கள். 2025இல் 20ஆம் பதிப்பு வந்தபோது மாறிகளின் முன்னொட்டையே மாற்றிவிட்டார்கள். நேரடியாக எழுதியவை சத்தமில்லாமல் செத்தன. மிக்ஸின் வழியாக எழுதியவை அப்படியே வேலை செய்தன. ஒரு பிழைச் செய்திகூட வராது, அதுதான் கொடுமை. சிஎஸ்எஸ்ஸில் இல்லாத மாறிக்கு மதிப்புக் கொடுத்தால் உலாவி ஒன்றும் சொல்லாது.

இம்பார்ட்டன்ட் (!important) போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு விதி வெல்லவில்லை என்றால் கடைசியில் அந்த ஆச்சரியக்குறியைப் போடுவது எல்லோருக்கும் பழக்கம். அடுத்தவர் அதை வெல்ல இன்னொன்று போடுவார். 2022இல் உலாவிகளுக்கு வந்த ‘லேயர்’ (அடுக்கு) வசதி இதற்கு நல்ல மருந்து. பூட்ஸ்ட்ராப் போன்ற ஒரு முழுக் கோப்பை இறக்கும்போதே ஓர் அடுக்குக்குள் வைத்துவிட்டால், அடுக்குக்கு வெளியே இருக்கும் நம் சாதாரண விதி, அதன் செலக்டர் (எதைக் குறிவைக்கிறது என்று சொல்லும் பகுதி) எவ்வளவு எளியதாக இருந்தாலும் வெல்லும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இம்பார்ட்டன்ட் போட்ட விதிகளுக்கு இந்த ஒழுங்கு தலைகீழாகும். அடுக்குக்குள் இருக்கும் இம்பார்ட்டன்ட், வெளியே இருக்கும் நம் இம்பார்ட்டன்ட்டை வெல்லும். அப்புறம், அங்குலர் மெட்டீரியல் தன் கொம்போனன்ட்களின் சிஎஸ்எஸ்ஸை ஓடும்போது பக்கத்துக்குள் தானே செருகுகிறது. அதை நாம் அடுக்குக்குள் பிடித்து வைக்க முடியாது. அங்கே வேறு வழிதான். கொம்போனன்ட்டின் உள்ளே துளைத்துப் போகும் அங்குலரின் ‘என்ஜி-டீப்’ குறி கைவிடப்படப்போகிறது என்று பல வருடமாக எழுதியிருக்கிறார்கள், இன்னும் வேலை செய்கிறது. அதை நம்பி நாங்கள் புதிதாக எதையும் எழுதுவதில்லை.

படம் பிடித்து ஒப்பிடும் சோதனைதான் எங்களுக்குப் பெரிய துணை. பிளேரைட் என்ற சோதனைக் கருவி ஒவ்வொரு கொம்போனன்ட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளும். மேம்படுத்தியபின் மறுபடி எடுத்து, எந்தப் பிக்சல் மாறியது என்று காட்டும். முதல் தடவை இதை வைத்தபோது ஒரு விஷயம் என்னை உலுக்கியது. சோதனை ஓடும் லினக்ஸ் சேர்வரில் தமிழ் எழுத்துருவும் இல்லை, சிங்கள எழுத்துருவும் இல்லை. எடுத்த படங்களில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள். கட்டத்தையும் கட்டத்தையும் ஒப்பிட்டுச் சோதனை பச்சையாக வந்துகொண்டிருந்தது. பல வாரம் அப்படி ஓடியிருக்கிறது. நோட்டோ எழுத்துருக்களைச் சேர்வரில் நிறுவிய பிறகுதான் சோதனைக்குப் பொருளே வந்தது. மடிக்கணினியில் எடுத்த படத்தையும் சேர்வரில் எடுத்ததையும் ஒப்பிடக் கூடாது என்பதையும் அப்போதே படித்தோம். இயங்குதளம் மாறினால் எழுத்தின் விளிம்பு மாறும்.

சோதனைக்கு வைக்கும் சொற்களை நாங்கள் தேடித் தேர்ந்தோம். தமிழில் கீழே இறங்குகிறவையும் நீண்டவையும் இருக்க வேண்டும். “சுயவிபரக்கோவை”, “பூர்த்திசெய்யப்படாதது”, “கூட்டுறவுச் சங்கம்” இப்படி. சிங்களத்தில் மேலும் கீழும் குறி வரும் சொற்களை ஒரு சிங்களத் தோழி தெரிந்தெடுத்துத் தந்தாள்.

கோப்பில் இப்போது இருப்பது 200 வரிக்கும் குறைவு. அதில் பாதிக்கு மேல் விதிகளே இல்லை, குறிப்புகள்தான். ஒவ்வொரு விதிக்கும் மேலே எந்த மொழி, எந்தத் திரை, எடுத்துவிட்டால் யாருக்கு என்ன ஆகும், நூலகத்தில் என்ன வசதி வந்தால் இதை நீக்கலாம் என்று எழுதியிருக்கிறோம். அந்தச் சுமதியின் பெயர்கூட ஒரு குறிப்பில் இருக்கிறது. எழுதியவர் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். ஆள் போகலாம், கொழும்பில் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். யாரிடமும் நள்ளிரவில் கேட்காமல் அடுத்தவருக்கு விளங்க வேண்டும்.

மேம்படுத்தும் நாள் வந்தால், ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பை முதலில் கழற்றி வைப்போம். படச் சோதனையை ஓடவிடுவோம். சிவப்பாக வருவதற்கு மட்டும் பழைய விதியைத் திரும்பப் போடுவோம். பச்சையாக வந்ததன் விதி அன்றே அழியும். அழிப்பதற்குத் துணிவு வருவது குறிப்பு இருப்பதால்தான். என்ன காரணத்துக்கு இருந்தது என்று தெரிந்தால், அந்தக் காரணம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பயமில்லாமல் எடுக்கலாம்.

போன மாதம் மாத்தறையிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சிக்கு இந்த வேலையைக் கொடுத்தேன். சிங்களம்தான் அவள் தாய்மொழி, தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. சிங்களப் படங்கள் எல்லாவற்றையும் அரை நாளில் பார்த்து முடித்துவிட்டாள். தமிழ்ப் படங்களுக்கு வந்ததும் என் மேசைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “கூட்டுறவு” என்ற சொல்லின் முதல் எழுத்தில் விரலை வைத்தாள்.

“இந்த வால் இங்கே முடியணுமா, இன்னும் சுத்தி வரணுமா?” என்று சிங்களத்தில் கேட்டாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பிக்சல் வெட்டுப்பட்டிருந்தது. இன்னும் சுற்றி வரவேண்டும் என்றேன். தலையாட்டிவிட்டு, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய்க் குறிப்பை எழுதத் தொடங்கினாள்.